பழைய டிராக்டருக்குப் பழைய லோடர்: வாசகர் கேள்விகள்

சாண உரத்தை ஆள் வைத்து அள்ளிக் கட்டுப்படியாகவில்லை என்று நீலகிரி மலையில் எல்லோரும் சொல்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகள் முழுக்க, டிராக்டரின் முன்னால் மாட்டி அள்ளித் தூக்கும் பக்கெட்டான லோடர் பற்றித்தான்.

என்னிடம் பழைய மாசி பெர்குசன் 1035 இருக்கிறது. செங்கல் சூளையில் ஓடிய லோடர் ஒன்று மேட்டுப்பாளையத்தில் விலைக்கு வருகிறது. டிராக்டரின் சொந்த ஹைட்ராலிக்கிலேயே ஓடும் என்கிறார் விற்பவர். உண்மையா? (கோத்தகிரி)

ஓடும், உங்களுக்குப் பொறுமை இருந்தால். மாசியின் பம்பு பின் ஹவுசிங்குக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றுவது பி.டி.ஓ. தண்டு, அதாவது பின்னால் மாட்டும் கருவிகளை எஞ்சின் சக்தியில் ஓட்டும் தண்டு. கலப்பையைத் தூக்கி இறக்க வைத்த பம்பு என்பதால் எண்ணெய் கொஞ்சமாகத்தான் வரும், பக்கெட் ஆமை மாதிரி ஏறும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உங்களுடையது சிங்கிள் கிளட்ச் என்றால், கிளட்சை மிதித்தவுடன் பம்பும் நின்றுவிடும். சாணக் குவியலில் முட்டி நிரப்பி, ரிவர்ஸ் போடக் கால் வைக்கிறீர்கள். பக்கெட் பாதியில் நிற்கும். டூயல் கிளட்சில் பாதி மிதியோடு நிறுத்திச் சமாளிக்கலாம்.

அதனால் எஞ்சின் முன்பக்க கிராங்க் புல்லியில் ஓடும் தனி கியர் பம்பும், தனி எண்ணெய் டேங்கும் வேண்டும். லோடர் விலையில் பம்பு, டேங்க், வால்வு, ஹோஸ் எல்லாம் சேர்த்தியா என்று முதலில் கேளுங்கள். கையும் (பக்கெட்டைத் தாங்கும் இரும்புக் கரம்) பக்கெட்டும் மட்டும் மலிவாகக் கிடைக்கும். மீதியை லேத் பட்டறையில் செய்து முடிப்பதற்குள் லாபமெல்லாம் போய்விடும்.

அப்புறம், லோடர் எந்த டிராக்டரில் இருந்து கழற்றியது என்று பாருங்கள். மாசிக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது. எஞ்சின், கியர் பாக்ஸ், ஹவுசிங் மூன்றையும் போல்ட் போட்டு இணைத்ததுதான் அதன் முதுகெலும்பு. லோடர் ஃபிரேம் பின் ஆக்சில் வரை நீண்டு பிடிக்க வேண்டும். முன்னால் மட்டும் பிடித்தால் முறுக்கு முழுவதும் எஞ்சின், கியர் பாக்ஸ் இணைப்பில் விழும். அங்கே எண்ணெய் கசிய ஆரம்பித்தால் சமாச்சாரம் பெரிது.

பார்க்கப் போகும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? (கேத்தி)

புது பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். கையை ஏற்றி இறக்கும் சிலிண்டரின் ராடில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுங்கள். நகம் சிக்கினால் குரோம் பொத்துப்போயிருக்கிறது. சீல் மாற்றினாலும் சீக்கிரமே மறுபடி ஒழுகும். பக்கெட் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மூட்டில் இருக்கும் பின்னும் (pin) அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்ந்திருந்தால் லொடலொடவென்று ஆடும். இதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை, விலையைக் குறைக்கலாம்.

அடுத்தது பாரத்தோடு பக்கெட்டைத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடியுங்கள். யாரையும் அடியில் நிற்க விடாதீர்கள். டீ முடிவதற்குள் பக்கெட் தரையைத் தொட்டால் வால்வோ பிஸ்டன் சீலோ போயிருக்கிறது. எது என்று தெரிய, லோடர் கையை முழு உயரத்துக்கு ஏற்றி, அடியில் முட்டுக் கொடுத்து, சிலிண்டரின் ராடு பக்க ஹோஸைக் கழற்றுங்கள். முட்டு இருந்தபடியே லீவரை மறுபடி ஏற்றும் பக்கம் பிடித்தால், திறந்த வாயில் எண்ணெய் வரக் கூடாது. வந்தால் பிஸ்டன் சீல். வராவிட்டால் வால்வைப் பாருங்கள். அதுதான் அதிகச் செலவு.

லோடர் கையில் வெல்டிங் மேல் வெல்டிங் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பின் டயரில் தண்ணீர் நிரப்பச் சொல்கிறார்கள். உறைபனிக் காலத்தில் உறைந்துவிடாதா? (எமரால்டு)

நிரப்பியே ஆக வேண்டும். கணக்குப் பாருங்கள்: மாசியின் முன், பின் ஆக்சிலுக்கு நடுவே சுமார் 1.8 மீட்டர். முன் ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் 400 கிலோ சாணம் தொங்கினால், முன் ஆக்சிலில் ஏறுவது 400 அல்ல, 730 கிலோவுக்கு மேல். பின் சக்கரத்திலிருந்து 330 கிலோ கழிந்துவிடும். பக்கெட்டின் சொந்த எடையை இன்னும் சேர்க்கவே இல்லை.

12.4-28 டயரில் முக்கால் பாகம் நிரப்பினால் ஏறக்குறைய 150 லிட்டர் பிடிக்கும். நம் ஊர்ப் பனி விடியற்காலை சில மணி நேரம் புல்லை வெளுக்க வைத்துவிட்டுப் போய்விடும். அவ்வளவு தண்ணீர் அதற்குள் உறையாது. உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலந்தால் ரிம்தான் துருப்பிடிக்கும். தண்ணீர் போதாது, பின்னால் கலப்பை மாட்டும் மூன்று பாயின்ட்டில் கான்கிரீட் கட்டையும் மாட்டுங்கள்.

லோடர் மாட்டிய பிறகு ஸ்டியரிங் திரும்பவே மாட்டேன் என்கிறது. (குன்னூர்)

நின்ற இடத்தில் திருப்பாதீர்கள், லேசாக உருட்டிக்கொண்டே திருப்புங்கள். முன் டயர் காற்றையும் வீல் பேரிங்கையும் பாருங்கள்.

இதை வைத்தே தேயிலைச் சரிவை வெட்டி நாலு பாத்தி கேரட் நிலமாக்கலாமா? (மஞ்சூர்)

வேண்டாம். தளர்ந்த மண்ணை அள்ளத்தான் லோடர், கெட்டித் தரையைத் தோண்ட அல்ல. தவிர, நீலகிரியில் எந்திரம் வைத்து மண் வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

இறக்கத்தில் பாரத்தோடு வருவது எப்படி? (இத்தலார்)

பின்னோக்கி. பக்கெட் எப்போதும் மேட்டுப் பக்கம் பார்க்க வேண்டும், தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் போகக் கூடாது. லோ கியர் போட்டுவிட்டுக் கிளட்சைத் தொடவே தொடாதீர்கள். இந்தப் பழைய வண்டிகளில் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான். பாரத்தோடு முன்னோக்கி இறங்கினால் பின் சக்கரம் லேசாகிவிடும், பிரேக் பிடித்தும் பயனில்லை. எனக்கு இது ஒரு ஜூலை மழையில்தான் புரிந்தது. பின் சக்கரம் இரண்டும் சுழலாமல் பூட்டிக்கொண்டு, வண்டி மட்டும் சறுக்கிக்கொண்டே போனது. நிறுத்தியது ஒரு சில்வர் ஓக் மரம். பக்கெட்டின் இடது மூலை இன்னும் நெளிந்தே இருக்கிறது.