பத்து நாளாகியும் மாத்திரை வேலை செய்யவில்லையே?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மனச்சோர்வுக்காக என் மனைவி ஃப்ளூவாக்ஸெட்டின் 20 மி.கி. சாப்பிடத் தொடங்கிப் பத்து நாளாகிறது. மாற்றமே இல்லை. ரத்தத்தில் செரட்டோனின் பார்த்துவிடலாம் என்கிறார் லேப்காரர். எலிக்குக் கொடுத்துப் பார்த்த மருந்துதானே, நிறுத்திவிடு என்கிறார் மைத்துனர். என்ன செய்வது?"

நிறுத்த வேண்டாம். பத்து நாள் இந்த மருந்துக்குப் போதாது; தொடங்கியதிலிருந்து நான்கு வாரமாவது பார்க்க வேண்டும். ஏன் போதாது என்பதற்கு விளக்கம் தந்தவை உங்கள் மைத்துனர் ஏளனம் செய்யும் அந்த எலிகள்தாம்.

செரட்டோனின் என்பது நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள். நரம்பணு வெளியிடும் செரட்டோனினை அதே நரம்பணு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த உறிஞ்சலை ஃப்ளூவாக்ஸெட்டின் தடுக்கிறது. எலி மூளைக்குள் நுண்குழாய் செலுத்தி அளந்தபோது, மருந்து சென்ற சில மணி நேரத்திலேயே அங்கே செரட்டோனின் கூடியிருந்தது. ஆனால் மூளைத்தண்டிலுள்ள செரட்டோனின் நரம்பணுக்கள் அந்த மிகுதியை உணர்ந்து தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. கடைமடை வாய்க்காலைத் திறந்தவுடன் தலைமடையில் மதகை இறக்கிவிட்ட கதைதான். நாள் தவறாமல் இரண்டு மூன்று வாரம் மருந்து கொடுத்த பிறகே அந்தத் தடை தளர்கிறது. இதோடு, சுண்டெலிகளின் மூளையில், நினைவோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் உருவாவதை எக்ஸ் கதிரால் தடுத்தால் மருந்தின் பலனும் மறைந்துபோவதாக 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. புதிய அணுக்கள் முளைத்து வளர வாரக்கணக்காகும். எலியின் நடத்தை மனிதரின் துயரம் ஆகாது என்பதும், செரட்டோனின் குறைவுதான் நோய்க்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்பதும் உண்மையே. அதனால் மருந்தின் பயன் இல்லாமல் போய்விடாது.

அந்த ரத்தப் பரிசோதனைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் உருவாவது. அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. அதைவிட முக்கியமாக, ஃப்ளூவாக்ஸெட்டின் சாப்பிடுபவரின் ரத்தத் தட்டணுக்களில் செரட்டோனின் குறையும் என்பதால், அறிக்கையில் 'குறைவு' என்று வருவதற்கே வாய்ப்பு அதிகம். உடனே கமிஷன்காரர் ஒருவர் 'செரட்டோனின் ஊட்டும்' கேப்ஸ்யூல் டப்பாவோடு வருவார். அதை இந்த மாத்திரையோடு சேர்த்தால் செரட்டோனின் அளவு மீறிக் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று ஆபத்தில் முடியலாம். பழைய சீட்டைப் பார்த்து மெடிக்கல் கடைக்காரரே மாத்திரையை மாற்றித் தருவதும் இதே ரகம்.

ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். உங்கள் மனைவிக்கு முன்பு எப்போதாவது, தூக்கமே தேவைப்படாமல், ஓயாத பேச்சும் கட்டுக்கடங்காத செலவும் மிதமிஞ்சிய உற்சாகமுமாகச் சில நாட்கள் கழிந்தது உண்டா? ரத்த உறவில் யாருக்காவது அப்படி இருந்ததா? இப்போது திடீரென்று அப்படி மாறுகிறாரா? ஆம் என்றால் அது, மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோயாக இருக்கலாம். இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தால் அது வெறிநிலைக்குத் தள்ளக்கூடும். நான்கு வாரம் காத்திராமல் மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தாலும் அப்படியே; இரவானால் அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ அழையுங்கள்.

மருந்து எழுதும்போதே இரண்டு நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லியிருக்க வேண்டும். நீண்ட புறநோயாளி வரிசைக்கு ஒரே மருத்துவரை உட்காரவைத்துவிட்டு, நோயாளி பாதியில் மாத்திரையை விட்டுவிடுகிறார் என்று குறை சொல்வதில் என்ன பயன்? மேற்கண்ட சிக்கல் எதுவும் இல்லையென்றால், நான்கு வாரம் முடிந்ததும் சீட்டோடு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, மருந்து எழுதிய மருத்துவரிடமோ சென்று, அளவைக் கூட்ட வேண்டுமா என்று கேளுங்கள்.