பயிற்சியாளர் படிப்பு வேறு, ஒருங்கிணைப்பாளர் வேலை வேறு

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் உடற்கல்வி ஆசிரியை. உடற்கல்வி இளநிலைப் பட்டமான பி.பி.எட். முடித்து 9 ஆண்டுகள் ஆகின்றன. வரும் ஜூன் மாதத்திலிருந்து விளையாட்டு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பையும் தலைமை ஆசிரியை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். எங்கள் நிர்வாகத்தின் இரண்டு தொடக்கப் பள்ளிகளும் இதில் சேரும். எங்களுக்கு மைதானம் கிடையாது. 25 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட மண் முற்றம் ஒன்றுதான் இருக்கிறது. கோடை விடுமுறையில் என்.ஐ.எஸ். ஆறு வாரச் சான்றிதழ் படிப்புக்குப் போகட்டுமா, எம்.பி.எட். சேரட்டுமா? இந்தப் பொறுப்புக்கு எது உதவும்?

பதில்: இரண்டும் நல்ல படிப்புகள். ஆனால் ஜூன் மாதம் உங்கள் மேசைக்கு வரப்போகும் வேலையை இரண்டுமே கற்றுத் தராது. முப்பது ஆண்டுகள் பள்ளி விளையாட்டிலேயே கழித்தவன் என்ற உரிமையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர்களை உருவாக்கும் இடம். அங்கே ஆறு வாரம் இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு விளையாட்டின் நுணுக்கம் கைக்கு வரும். எம்.பி.எட். உடற்கல்வியில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. உடற்கல்வி இயக்குநர் பணியிடத்துக்கு அதைக் கேட்கிறார்கள். மேலே போக விரும்பினால் ஒருநாள் அது தேவைப்படும். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியும் மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் வடசென்னையிலிருந்து போய்வரும் தூரத்தில்தான் இருக்கின்றன. 1920-ல் ஹாரி குரோ பக் நந்தனம் கல்லூரியைத் தொடங்கியபோது, உடற்கல்விக்கென ஆசிரியரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதே இங்கே புதிய எண்ணம். அந்த எண்ணம் இன்னும் ஒருங்கிணைப்பாளர் வரை வந்து சேரவில்லை. அவருக்கென்று தனிப் பயிற்சி வகுத்துத் தருபவர்கள் மிகக் குறைவு. ஆகவே உங்கள் பாடத்திட்டத்தை நீங்களே துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கபடி பயிற்சியாளர் 12 பேரைப் பார்த்தால் போதும். நீங்கள் பார்க்க வேண்டியது அணியில் சேராத மற்ற எல்லாப் பெண்களையும். பள்ளியில் யார் எந்தெந்த நாளில் வியர்க்கிறார்கள், யார் மூன்று ஆண்டுகளாகச் சுவரோரம் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் ஒருங்கிணைப்பு. கோப்பை இதற்குப் பிறகுதான் வரும்.

எனவே முதல் பயிற்சியை உங்கள் முற்றத்திலேயே தொடங்குங்கள். அளவு நாடாவும் சுண்ணாம்புப் பொடியும் போதும். பெண்கள் கபடி ஆடுகளத்தின் அளவு 12க்கு 8 மீட்டர். வளையப்பந்து ஆடுகளம் 12.2 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம். மூன்று களங்களின் நீளப் பக்கமும் முற்றத்தின் 15 மீட்டர் அகலத்தோடு ஒத்துப்போகும்படி, ஒரு கபடி களத்தையும் இரண்டு வளையப்பந்துக் களங்களையும் அடுத்தடுத்துப் போடுங்கள். 8, 5.5, 5.5 என மொத்தம் 19 மீட்டர் ஆகும். மீதி 6 மீட்டரை இருபுறமும் நடுவிலும் ஒன்றரை ஒன்றரை மீட்டராக விட்டுவிடலாம். நீளவாட்டில் இரு முனைகளிலும் ஏறத்தாழ 1.4 மீட்டர் மிஞ்சும். சுவர் அருகில் இருப்பதால் இந்த இடைவெளியைக் குறைக்கவே கூடாது. முற்றம் மண் தரை என்பதை உங்கள் அதிர்ஷ்டம் என்பேன். சிமெண்ட் தரையாக இருந்தால், விரிப்பு இல்லாமல் கபடி ஆடச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

இப்போது 40 பேர் கொண்ட ஒரு வகுப்பை உள்ளே விடுங்கள். கபடியில் 14 பேர், இரண்டு வளையப்பந்து இரட்டையர் ஆட்டங்களில் 8 பேர். வராந்தாவில் இரண்டு கேரம் பலகைகள், அங்கே 8 பேர். வராந்தாவின் மறுமுனையில் கயிறு தாண்ட 6 பேர். மிச்சம் 4 பேர் விசிலும் மதிப்பெண் தாளுமாக நடுவர்கள். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். நாற்பது நிமிட வகுப்பில் வரிசையில் வந்து சேர்ந்து கலைவதற்கு எட்டு நிமிடம் கழித்தாலும் நான்கு சுற்றுகள் கிடைக்கும். ஒரு பந்தை வைத்துக்கொண்டு 40 பேரும் வரிசையில் நிற்கும் வகுப்பை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு பெண்ணுக்கு முறை வருவது இரண்டு தடவை. மீதி நேரம் அவள் நிற்கிறாள்.

கேரமை இதில் சேர்ப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். உங்கள் பள்ளியைச் சுற்றியிருக்கும் தெருக்களின் சொந்த விளையாட்டு அது. 2008-ல் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா உங்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண். வியாசர்பாடியில் கால்பந்து, காசிமேட்டிலும் ராயபுரத்திலும் குத்துச்சண்டை, கேரம் என்று ஏரியாவுக்கு ஏரியா சொல்லிக்கொடுக்கும் அண்ணன்களும் அக்காள்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பேசுவதும் உங்கள் வேலைதான். பள்ளியில் இல்லாத மைதானம் பேட்டையில் இருக்கலாம்.

அடுத்தது முதலுதவி. விடுமுறையில் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குப் போங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் தமிழ்நாடு கிளை எழும்பூரில்தான் இருக்கிறது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவி வகுப்புகள் நடத்துகிறது. இதயத் துடிப்பு நின்றவருக்குக் கொடுக்கும் நெஞ்சழுத்தத்தை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் என்று படிப்பது சுலபம்; பொம்மையின் மேல் முழங்கையை மடக்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்தால்தான் அந்த ஆழம் எவ்வளவு என்று தோள்பட்டைக்குத் தெரியும். தலையில் அடிபட்ட பெண் ‘நன்றாகத்தான் இருக்கிறேன் மிஸ்’ என்று கெஞ்சினாலும் அன்று திரும்ப ஆட விடக் கூடாது. வெயிலில் மயங்கி, பேச்சு தடுமாறினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நம் பிள்ளைகளிடம் பயிற்சிக்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு: ‘காலையில் என்ன சாப்பிட்டாய்?’ பதில் சொல்லாமல் சிரித்தால் அவள் சாப்பிடவில்லை என்று பொருள். அன்றைக்கு அவளுக்கு ஓட்டம் வேண்டாம். விசிலைக் கொடுத்து நடுவராக நிறுத்துங்கள், மற்றவர்கள் எதிரில் காரணம் சொல்லாதீர்கள்.

காகித வேலையைப் பலர் இழிவாக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டு, உயரம் தாண்டும் பையன் ஒருவனை 14 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு அழைத்துப் போனேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளிப் பதிவேட்டில் வேறொரு தேதி. நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மேசையில் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரிதான். பஸ்ஸில் திரும்பும்போது ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தவறு முழுக்க என்னுடையது, தண்டனை முழுக்க அவனுக்கு.

ஜூன் முதல் இரண்டு வாரத்துக்குள் விளையாடப் போகும் எல்லாப் பெண்களின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவு மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் அதற்கு மாதங்கள் ஆகும். பள்ளிகளுக்கிடையிலான முதல் படியான குறுவட்டப் போட்டி நெருங்கும்போது தெரிந்து பயனில்லை. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படியேறும் 14, 17, 19 வயதுப் பிரிவுகளின் பட்டியலை மூன்று வண்ணத்தில் எழுதி மாட்டிவையுங்கள். வென்று வரும் சான்றிதழை வாங்கிய அன்றே நகலெடுத்துக் கோப்பில் சேருங்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பள்ளி அளவிலான தேசியப் போட்டிக்குப் போனவர்களுக்குப் படிவம் 4 என்று தனியாக ஒரு சான்று உண்டு. பதினேழு வயதில் இதன் மதிப்பு அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. இருபத்து மூன்று வயதில் அவள் உங்களைத் தேடி வரும்போது கோப்பு இருக்க வேண்டும்.

பெண்களை வெளியூருக்கோ வேறு மைதானத்துக்கோ அழைத்துப் போவதால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டத்தை நீங்கள் ஒருமுறையாவது வழக்கறிஞர் ஒருவரோடு உட்கார்ந்து படித்துவிட வேண்டும். குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறையிடம் தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. ‘பள்ளிக்குக் கெட்ட பெயர்’ என்ற பேச்சு உங்கள் காதுக்கு வந்தாலும் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும், மாணவிகளோடு தனியாக இருக்கும் சூழ்நிலை வரக் கூடாது; உங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் அங்கே இருக்க வேண்டும். பெற்றோரின் கையெழுத்துக் கடிதம், திரும்பும் நேரம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் மூன்றும் மாணவிகளின் கையிலும் இருக்கட்டும்.

இனி அந்த இரண்டு தொடக்கப் பள்ளிகள். அங்கே பெரும்பாலும் உடற்கல்விக்கென்று ஆளிருக்காது, வகுப்பு ஆசிரியைகள்தான் பிள்ளைகளை வெளியே அழைத்து வருவார்கள். அவர்களுக்கு நீங்கள்தான் பயிற்சியாளர். ‘எனக்கு விளையாட்டே தெரியாதே’ என்பார்கள். நொண்டி தெரியுமா, பாண்டி தெரியுமா, பச்சைக் குதிரை தெரியுமா என்று கேளுங்கள், முகம் மலர்ந்துவிடும். ஓடுதல், தாவுதல், எறிதல், பிடித்தல், ஒற்றைக்காலில் நிற்றல், இவ்வளவுதான் அந்த வயதுக்கு வேண்டும். கேலோ இந்தியா திட்டத்தின் உடற்தகுதிச் சோதனையில் 5 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு இருப்பது உயர எடைக் கணக்கும், ஒற்றைக்கால் சமநிலையும், இரண்டு வட்டங்களை மாறி மாறித் தொடும் வேகமும்தான். நொண்டி ஆடிப் பழகிய குழந்தை அதில் தடுமாறாது. பெரிய பெண்களுக்கு 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டங்கள் வருவதால் அவற்றை உங்கள் முற்றத்தில் நடத்த வழியில்லை. அதற்கென ஒரு நாள் மாநகராட்சி மைதானத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் பள்ளி விளையாட்டுக் கூட்டணி என்ற ஏற்பாடு இருந்த காலத்தில், ஒருங்கிணைப்பாளரை வாரத்தில் இரண்டு நாள் வகுப்பிலிருந்து விடுவித்தார்கள். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் இணைப்பாசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 12 நாள் ஒதுக்கினார்கள். அந்தச் செலவை அரசு ஏற்றது. 2010-ல் நிதியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது ஆசிரியர்களும் வீரர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். நமக்கு அந்த இரண்டு நாள் கிடைக்காது. ஆனால் வாரத்துக்கு நான்கு பாடவேளையும், மாதத்தில் தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் அரை நாளும் தரச்சொல்லித் தலைமை ஆசிரியையிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த நேரம் முதல் இடைப்பருவத் தேர்வு வந்ததும் போய்விடும். பொதுத்தேர்வு நெருங்கினால் விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறதல்லவா, அதைப் பற்றியும் அதே கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நடுவர் பயிற்சிக்கு ஏதாவது ஒரு மாநிலச் சங்கத்தின் தேர்வை இந்த ஆண்டு எழுதுங்கள். கபடியோ எறிபந்தோ, உங்கள் பெண்கள் அதிகம் ஆடுவது எதுவோ அது. விதி தெரிந்த ஆசிரியையின் அணி களத்தில் கலங்காது.

ஆறு வாரப் படிப்பை அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த விளையாட்டில் உங்கள் பள்ளிக்கு ஆள் தேவை என்பது அதற்குள் தெரிந்திருக்கும். எம்.பி.எட். அதற்கடுத்து, நிர்வாகத்திடம் முறையான அனுமதி வாங்கிய பிறகு. இந்த மே மாதத்தில் முதலுதவி வகுப்புக்குப் பெயர் கொடுங்கள். முற்றத்தை அளந்து கோடு போடுங்கள். பதிவேட்டை எடுத்து 8-ம் வகுப்பிலிருந்து பிறந்த தேதிகளைச் சரிபார்க்கத் தொடங்குங்கள்.