மண்மேட்டில் பெய்யும் மழை

கேள்வி: நெய்வேலியில் சுரங்க மண்மேடுகளின் மேல் மரங்கள் நிற்கின்றன. மழையில் அந்த மண் கரைந்து வயலுக்கு வராதா? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: விட்டால் கட்டாயம் வரும். வேறொரு சுரங்கத்தில் மண்மேட்டில் மரம் நடும் வேலை பார்த்தவன் நான். முதல் வருடம் ஐப்பசிக்கு முன்னால் சரிவில் அவசரமாகக் கன்று நட்டோம். ஒரே ராத்திரி மழை. காலையில் இடுப்பளவு ஆழத்துக்கு ஓடை அறுத்திருந்தது. கன்றுகள் அடிவாரச் சேற்றில் கிடந்தன. மனசு விட்டுப்போயிற்று.

அப்புறம்தான் புரிந்தது: முதலில் தண்ணீருக்கு வழி, பிறகுதான் மரம். சரிவைப் படிபடியாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு படியும் மேட்டை நோக்கி லேசாக உள்வாட்டம் கொண்டிருக்க வேண்டும். வெளிவாட்டமாக இருந்தால் தண்ணீர் விளிம்பை அறுத்துவிடும். அங்கிருந்து கல் பதித்த வாய்க்கால், கீழே வண்டல் படியும் குளம். மழைக்கு முன்பே அந்தக் குளத்தைத் தூர்வாருவது ரொம்ப முக்கியம். தூர்ந்த குளத்தில் சேறு நிற்காது, நேராக வயலுக்குத்தான் போகும்.

ஆழத்திலிருந்து வந்த மண்ணில் மக்கிய இலைதழைச் சத்து கிடையாது. தனியாக எடுத்து வைத்த மேல்மண்ணைப் பரப்பி, வெட்டிவேரும் சணப்பும் போட்டு, அப்புறம் புங்கன், வேம்பு.

நெய்வேலியில் இன்னொன்றும் உண்டு. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருப்பதால், அது சுரங்கத்துக்குள் பொங்கி வராமலிருக்க இடைவிடாமல் இறைக்க வேண்டும். அதே கடலூர் மாவட்டத்து வாலாஜா ஏரிக்கு வருவதில் சுரங்கத் தண்ணீரும் சேர்த்திதான்.