தம்பிக்கு எந்தப் புத்தகம் வாங்குவது?

அம்மா, போன கிழமை நீங்கள் கொண்டுவந்த துண்டு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. உங்கள் மகன் ஒலித்தொகுப்பு, அதாவது பதிவு செய்த ஒலியை வெட்டித் திருத்திச் சேர்க்கும் வேலை, பழக வேண்டும் என்கிறான். துண்டின் ஒரு பக்கத்தில் அதற்காகக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டிய தடித்த ஆங்கிலப் புத்தகத்தின் விலை, மறுபக்கத்தில் மூன்று மாத வகுப்பின் கட்டணம். “சேர், இதில எதுக்கு நான் காசைக் கட்டுறது?” என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் பேச்சைப் பாதியில் விட்டோம். என் பதில் இதுதான்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

தம்பியின் ஆசையில் பிழை இல்லை. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிவு வரும்வரை கையில் சில மாதங்கள் இருக்கின்றன. ஒலித்தொகுப்புப் பழக அது போதும். அவன் சொன்ன ஓடாசிட்டி மென்பொருளும் நல்ல தெரிவுதான். 1999 இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் தொடங்கியது, 2000 இல் வெளிவந்தது, இன்றுவரை இலவசம். அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கச் சொல்லுங்கள். தேடும்போது அதே பெயரில் வேறு தளங்களும் முன்னால் வந்து நிற்கும், அவற்றைத் தொட வேண்டாம்.

வழிகாட்டிக் கையேடும் அந்தத் தளத்திலேயே காசில்லாமல் இருக்கிறது. புத்தகம் தேடுகிற பலருக்கு இது தெரிவதில்லை. முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்கினால் மூன்றாம் நாள் தம்பிக்கு நித்திரை வந்துவிடும். பயிற்சிகள் என்ற பகுதிக்கு நேரே போகட்டும். முதல் ஒலிப்பதிவு, ஏற்கெனவே உள்ள கோப்பை வெட்டித் திருத்துவது, பேச்சுக்குப் பின்னால் இசை சேர்ப்பது, பழைய கசெட்டைக் கணினிக்கு மாற்றுவது என்று ஒவ்வொன்றும் ஒரு வேலையாகவே இருக்கும். அப்பா சவூதியிலிருந்து பேசி அனுப்பிய கசெட்டுகள் அலுமாரியில் இருப்பதாகச் சொன்னீர்களே, அந்தக் கடைசிப் பாடத்துக்கு அவை உதவும். ஆனால் முதலாவதாக அதில் கைவைக்க விடாதீர்கள். நாடா பழசு, அறுந்தால் போச்சு.

சரி, எனக்குக் கையில் பிடித்து வாசிக்கத்தான் வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தால், கடையில் நின்றபடியே ஒரு புத்தகத்தை ஐந்து நிமிடத்தில் எடை போடலாம். எம்பி3 ஆக வெளியேற்றும் (எக்ஸ்போர்ட்) அத்தியாயத்தைப் பிரியுங்கள். “லேம் என்ற நிரலைத் தனியாக இறக்கிப் பொருத்துங்கள்” என்று எழுதியிருந்தால் அது பழைய புத்தகம், வைத்துவிட்டு வாருங்கள். இப்போது அது உள்ளேயே வருகிறது. அப்புறம், சேமிப்பது பற்றிய பகுதி. .ஏயூபி என்ற கோப்பையும் அதோடு ஒரு தரவுக் கோப்புறையையும் பற்றிப் பேசினால் அதுவும் பழசு. 2021 இல் 3.0 பதிப்பு வந்ததிலிருந்து எல்லாம் .ஏயூபி3 என்ற ஒரே கோப்புக்குள் அடங்கிவிட்டது.

இந்தக் கோப்புறை விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். பழைய பதிப்புக் காலத்தில் ஒரு பாடசாலைக் கலைவிழாவுக்கு அறிமுகக் குரலைத் தொகுத்து, சின்ன .ஏயூபி கோப்பை மட்டும் பெண்டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே திறந்தால் ஒலி அலை இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கோடு. கோப்புறை வீட்டில் கிடந்தது. மேடையில் ஒரு மாணவி பார்த்து வாசித்தாள், என் குரலைவிட நன்றாகவே வாசித்தாள் என்பது வேறு கதை.

புத்தகத்தை எடை போட இன்னொரு சோதனையும் உண்டு. நம் பிள்ளைகள் பெரும்பாலும் போனில்தான் பதிவு செய்கிறார்கள். பல போன்களில் அது எம்4ஏ என்ற கோப்பு வகையாக விழும். விண்டோஸில் ஓடாசிட்டி அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரல் வேண்டும். புதியவர்கள் அனேகமாக இந்த முதல் படியிலேயே தடுக்கி விழுந்து, “மென்பொருள் பிழை” என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதிய ஆசிரியர், புதியவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதேபோல, திட்டத்தை, அதாவது ஓடாசிட்டி மட்டும் திறக்கும் வேலைக் கோப்பை, சேமிப்பதற்கும் எல்லாரும் கேட்கக்கூடிய ஒலிக்கோப்பாக வெளியேற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் முதல் பத்துப் பக்கத்துக்குள் வர வேண்டும். .ஏயூபி3 கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “கேட்குதா?” என்று கேட்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

ஆங்கிலம் பற்றிக் கவலைப்பட்டீர்கள். மென்பொருளின் மொழியைத் தமிழுக்கு மாற்றலாம், ஆனால் பழகும்வரை மாற்ற வேண்டாம் என்பேன். கையேடு ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சொல்ல, திரையில் வேறு பெயர் நின்றால் இரட்டிப்புக் குழப்பம். ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். இடப்பக்கம் மென்பொருளின் பட்டியலில் (மெனு) உள்ள சொல், வலப்பக்கம் அது என்ன செய்கிறது என்று அவனுடைய சொந்தத் தமிழில். பத்துப் பதினைந்து பக்கம் நிரம்பும்போது அந்தக் கொப்பியே அவனுக்கு வழிகாட்டிப் புத்தகம்.

பதிவுக்கு என்ன எடுப்பது? பாட்டியைக் கோணேசர் கோயில் கதை ஒன்று சொல்லச் சொல்லி, மூன்று நிமிடம் பிடிக்கட்டும். முற்றத்தில் வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மைக்கில் அது உறுமுகிற சத்தத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது. உள்ளறையில், சேலைகள் தொங்கும் அலுமாரியைத் திறந்துவைத்து அதன் முன்னால் பாட்டியை இருத்துங்கள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். ஃபேனை நிறுத்துங்கள். திருகோணமலை வெக்கையில் மூன்று நிமிடம் தவம்தான், ஆனாலும் நிறுத்துங்கள். பாட்டி பேசத் தொடங்க முதல் ஐந்து விநாடி எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த ஐந்து விநாடியைத்தான் தம்பி பிறகு தெரிவு செய்து, “இதுதான் இரைச்சல்” என்று மென்பொருளுக்குக் காட்டுவான். அதற்குப் பிறகு முழுப் பதிவையும் தெரிவு செய்து இரைச்சல் குறைப்பை ஓடவிடுவான். இரண்டு தடவை அதே பட்டியலுக்குப் போக வேண்டும். ஒரு தடவையோடு நின்றுவிட்டு, “ஒன்றும் மாறவில்லை” என்று சொல்பவர்கள்தான் அதிகம். குறைக்கும் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் பாட்டி தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

ஒரே வரியை இருபது தடவை போட்டுக் கேட்பான். ஏசாதீர்கள், வேலை அப்படித்தான்.

தொழில் என்று பார்த்தால், ஒலித்தொகுப்பு மட்டும் தெரிந்த ஒருவருக்கு இங்கே மாதச் சம்பளம் தயாராக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாண வீடியோ ஸ்டூடியோக்கள், வானொலி, பாடங்களை ஒலியாக்கும் வேலை என்று பக்கத்துத் தொழில்களோடு சேர்த்துத்தான் அது சோறு போடும். முடிவு நன்றாக வந்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே தொடர்பாடல் கற்கை இருக்கிறது, ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. அந்த மூன்று மாத வகுப்பைப் பொறுத்தவரை, அது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் தருமா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், தம்பி வீட்டிலிருந்து பழகுவதைவிட அதில் கூடுதலாக என்ன கிடைக்கும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் கழித்து, பாட்டியின் அந்த மூன்று நிமிடத்தை எம்பி3 ஆக்கி தம்பியே கொண்டுவரட்டும். தொடாத முதல் பதிவையும் கூடவே கொண்டுவரச் சொல்லுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். ஹெட்போன் என்னிடம் இருக்கிறது.