சின்த் பிளகின் அப்டேட் வந்திருக்கு, அமுக்கலாமா? உங்க கேள்விகளுக்கு என் பதில்

போன வாரம் சாஃப்ட்வேர் சின்த் (கம்ப்யூட்டர்ல சவுண்டு உருவாக்கற இசைக்கருவி, பாட்டு செய்யற சாஃப்ட்வேருக்குள்ள பிளகினா மாட்டிக்கறது) பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். பாதிக்கு மேல அப்டேட் பண்ணி மாட்டிக்கிட்ட கதைதான் வந்திருக்கு. ஒண்ணொண்ணா பாப்போம்.

கேள்வி: அண்ணா, பாட்டு பாதி முடிச்சு வச்சிருக்கேன், அதுல யூஸ் பண்ற சின்த்துக்கு புது வெர்ஷன் வந்திருக்குன்னு திறக்கும்போதெல்லாம் காட்டுது. பண்ணிடவா?

இப்போ பண்ணாத தம்பி. பாட்ட முடி, அப்புறம் பண்ணு. எனக்கு ஒரு தடவ நடந்துச்சு, எந்த கம்பெனி சின்த்னு பேர் வேண்டாம், மிக்ஸ் அனுப்ப வேண்டிய நாளுக்கு மொத நாள் ராத்திரி அப்டேட் பண்ணேன், அதுல ஃபில்டர (சவுண்ட வடிகட்டற பாகம்) திருத்தி எழுதியிருந்தாங்க போல, பேஸ் சவுண்டு மெலிஞ்சு போச்சு, பழைய வெர்ஷனுக்கு போகலாம்னா அந்த இன்ஸ்டாலர் என்கிட்ட இல்ல. விடியற வரைக்கும் உக்காந்து காதால கேட்டு கேட்டு அந்த பேஸ திரும்ப செஞ்சேன். அப்பவும் அதே மாதிரி வரல.

உள்ள என்ன நடக்குதுன்னா, உன் ப்ராஜெக்ட் ஃபைல்ல சவுண்டு சேவ் ஆகறதில்ல, அந்த சின்த்தோட நாப் (திருகற குமிழ்) எல்லாம் எங்க நின்னுச்சுங்கிற தகவல் மட்டும்தான் சேவ் ஆகுது. அத படிச்சு சவுண்டா மாத்தறது பிளகினோட வேல. அதனால பிளகின் மாறினா சவுண்டும் மாற வாய்ப்பிருக்கு. இன்னொண்ணு, புது வெர்ஷன் பழைய பிரீசெட்ட (சேவ் பண்ணி வச்ச சவுண்டு செட்டிங்க) படிக்கும், ஆனா புது வெர்ஷன்ல சேவ் பண்ணத பழசு பெரும்பாலும் படிக்காது. ஒரு தடவ புதுசுல திறந்து அதே பேர்ல சேவ் பண்ணிட்டா திரும்பி வர வழி அடைஞ்சிடும்.

பண்ணியே ஆகணும்னா, மொதல்ல ஒவ்வொரு சின்த் ட்ராக்கையும் ஆடியோ ஃபைலா பவுன்ஸ் பண்ணி (பதிஞ்சு) வை, பிரீசெட்ட சின்த்துக்குள்ளயே ஒரு பேர் குடுத்து சேவ் பண்ணு, ப்ராஜெக்ட்ட வேற பேர்ல காப்பி எடு, பழைய இன்ஸ்டாலர ஹார்ட் டிஸ்க்ல போட்டு வை. அப்புறம் அமுக்கு.

கேள்வி: விஎஸ்டி2 எடுத்துட்டு விஎஸ்டி3 மட்டும் போட்டேன், பழைய ப்ராஜெக்ட் எல்லாம் பிளகின் காணோம்னு சொல்லுது. ஒரே சின்த் தானே சார்?

பேரு ஒண்ணுதாங்க, ஆனா விஎஸ்டி2, விஎஸ்டி3ங்கிறது பிளகினோட ரெண்டு ஃபார்மேட், பல டிஏடபிள்யூ (பாட்டு பதிஞ்சு செய்யற சாஃப்ட்வேர்) ரெண்டையும் தனித்தனி பிளகினாத்தான் பாக்கும். சில சின்த்ல விஎஸ்டி3 தானா பழசோட இடத்துல உக்காந்துக்கற மாதிரி எழுதியிருப்பாங்க, ஆனா அத டிஏடபிள்யூவும் ஏத்துக்கணும், அதனால நம்பி இறங்க முடியாது.

விஎஸ்டி2 மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கலாம், ஒண்ணும் ஆகாது. ப்ராஜெக்ட்ட திறந்து ஒவ்வொரு சவுண்டையும் சின்த்தோட சொந்த பிரீசெட் மெனு வழியா சேவ் பண்ணிட்டு (டிஏடபிள்யூவோட மெனு வேண்டாம், அது வேற ஃபார்மேட்ல சேவ் பண்ணும்) புது ட்ராக்ல விஎஸ்டி3 போட்டு அதே பிரீசெட்ட லோடு பண்ணுங்க. ஆட்டோமேஷன (பாட்டு ஓடும்போது நாப் தானா நகர வரைஞ்ச கோடு) மட்டும் ஒவ்வொண்ணா செக் பண்ணணும். விஎஸ்டி2ல பாராமீட்டர (நாப் மாதிரி மாத்தக்கூடிய ஒவ்வொரு செட்டிங்) வரிசை நம்பர் வச்சுதான் அடையாளம் பாப்பாங்க, நடுவுல புதுசா ஒண்ணு சேத்துட்டா கட்ஆஃப்ங்கிற நாப்புக்கு வரைஞ்ச கோடு ரெசொனன்ஸ்ங்கிற வேற நாப்ப ஆட்டும். விஎஸ்டி3ல ஒவ்வொண்ணுக்கும் தனி ஐடி, அந்த தொல்லை கம்மி.

ஏன் இந்த மாத்தம்னு கேட்டா, விஎஸ்டி3 2008லயே வந்துடுச்சு, 2018ல விஎஸ்டிய உருவாக்கின ஸ்டைன்பெர்க் கம்பெனி விஎஸ்டி2க்கான டெவலப்பர் கிட் குடுக்கறத நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்ன அவங்களோட ஒப்பந்தத்துல கையெழுத்து போடாதவங்க புதுசா விஎஸ்டி2 வெளியிட முடியாது. அதனால இன்னிக்கோ நாளைக்கோ எல்லாரும் மாறித்தான் ஆகணும், ஒரே நாள்ல மாறாம ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட்டா மாறுங்க.

கேள்வி: எம்1 மேக் வாங்கினேன், பழைய சின்த் ஒண்ணு லிஸ்ட்லயே வரல.

எம்1ங்கிறது ஆப்பிளோட சொந்த ப்ராசசர், அந்த சின்த் பழைய மேக்ல இருந்த இன்டெல் ப்ராசசருக்கு மட்டும் எழுதினதா இருக்கும். நீங்க எந்த டிஏடபிள்யூன்னு சொல்லல. லாஜிக்னா ஏயூங்கிற ஆப்பிளோட பிளகின் ஃபார்மேட் மட்டும்தான் எடுக்கும், விஎஸ்டி மட்டும் இன்ஸ்டால் பண்ணியிருந்தா எத்தன தடவ ஸ்கேன் பண்ணாலும் வராது, மொதல்ல அத பாருங்க. ஏயூ இருந்தா இன்டெல் பிளகினயும் ரொசெட்டா 2 (இன்டெல் சாஃப்ட்வேர எம்1ல ஓட்ட ஆப்பிள் குடுத்தது) வழியா லாஜிக்கே ஓட்டிக்கும். ரீப்பர், பிட்விக் ரெண்டும் அதே மாதிரி தனியா ஒரு ப்ராசஸ்ல ஓட்டும். ஏபிள்டன் லைவ்னா மொத்த லைவையும் ரொசெட்டால திறக்கணும். க்யூபேஸ் ஆப்பிள் சிலிக்கான்ல (எம்1 மாதிரி ஆப்பிள் ப்ராசசர்) நேட்டிவா, அதாவது ரொசெட்டா இல்லாம, ஓடும்போது விஎஸ்டி2 எடுக்கவே எடுக்காது.

இதுவும் ரொம்ப நாளைக்கு இல்ல. ரொசெட்டா முழுசா மேக்ஓஎஸ் 27 வரைக்கும்தான்னு ஆப்பிள் 2025லயே சொல்லிட்டாங்க. அந்த சின்த்த செஞ்சவங்க அப்டேட் நிறுத்திட்டாங்கன்னா, பிடிச்ச சவுண்டு எல்லாத்தையும் இப்பவே சாம்பிளா எடுத்து வச்சுக்கோங்க.

கேள்வி: 32 பிட் சின்த்துக்கு வழி இருக்கா?

32 பிட்ங்கிறது பழைய தலைமுறை சாஃப்ட்வேர். மேக்ல மேக்ஓஎஸ் கேட்டலினாவோட, அதாவது 2019ல, கதை முடிஞ்சுது. விண்டோஸ்ல ஜேபிரிட்ஜ்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு ஓட்டலாம், ரீப்பர்ல அதுக்குன்னு பிரிட்ஜ் கூடவே வருது. ஓடற வரைக்கும் ஓட்டுங்க.

கேள்வி: 4கே மானிட்டர் வாங்கினதுல இருந்து சின்த் எழுத்து எறும்பு மாதிரி தெரியுது. நாப்ப புடிச்சு திருப்பினாலும் எங்கயோ தாவுது. எனக்கு 50 வயசு தம்பி, கண்ணு வலிக்குது.

சார், இதுல உங்க கண்ணு மேல தப்பே இல்ல, டிசைன் மேலதான் தப்பு. சின்த்துக்குள்ள செட்டிங்ஸ் மெனுவிலயோ, லோகோ மேல ரைட் கிளிக் பண்ணாலோ, 150, 200 சதவீதம்னு சைஸ் மாத்தற இடம் இருக்கான்னு தேடுங்க, சிலதுல கீழ் வலது மூலைய புடிச்சு இழுத்தாலே பெருசாகும். எதுவும் இல்லேன்னா விண்டோஸ்ல டிஏடபிள்யூவோட எக்ஸி ஃபைல் ப்ராப்பர்ட்டீஸ்ல, ஹை டிபிஐ ஸ்கேலிங்க சிஸ்டம் பாத்துக்கட்டும்னு மாத்துங்க. கொஞ்சம் மங்கலா தெரியும், ஆனா படிக்க முடியும்.

நாப் தாவறதுக்கு காரணம், நீங்க வட்டமா சுத்தறீங்க, அது மேலயும் கீழயும் இழுக்கறத எதிர்பாக்குது. நிஜ நாப் மாதிரியே படம் வரைஞ்சு வச்சா மனுஷன் சுத்தத்தானே பாப்பான்? நேரா மேல இழுங்க. நிறைய சின்த்ல ஷிஃப்ட் அமுக்கிக்கிட்டு இழுத்தா மெதுவா நகரும், டபுள் கிளிக் பண்ணா ஆரம்பத்துல இருந்த இடத்துக்கே போயிடும், இல்ல நம்பர் டைப் பண்ண கட்டம் திறக்கும்.

நான் ஒரு சின்த்த மொதல்ல எதுல எடை போடுவேன்னா, எந்த எல்எஃப்ஓ (நாப்ப தானா மேலயும் கீழயும் ஆட்டற பகுதி) எந்த நாப்ப ஆட்டுதுன்னு பாத்த உடனே தெரியுதா, அதுதான். 2007ல வந்த மாசிவ்ங்கிற சின்த்ல நாப்ப சுத்தி கலர் வளையம் போட்டு எவ்ளோ தூரம் ஆடும்னு காட்டினாங்க, அப்புறம் சீரம், வைட்டல் எல்லாம் அத இன்னும் நல்லா பண்ணாங்க. மெனுவுக்குள்ள மெனு தொறந்து ஒரு எல்எஃப்ஓவ தேட வைக்கிற சின்த், சவுண்டு எவ்ளோ நல்லா இருந்தாலும் கொஞ்ச நாள்ல திறக்கறதையே விட்டுடுவோம்.

கேள்வி: என் தங்கச்சிக்கு பார்வை கிடையாது, கீபோர்டு ரொம்ப நல்லா வாசிப்பா. அவளே சவுண்டு செய்ய ஏதாவது சின்த் இருக்கா அண்ணா?

இருக்கும்மா. சர்ஜ் எக்ஸ்டி போட்டு குடு. ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது, 2018ல கோட எல்லாருக்கும் திறந்து விட்டதுக்கப்புறம் நிறைய பேர் சேந்து வளத்தது. ஸ்கிரீன் ரீடர் நாப்போட பேரையும் மதிப்பையும் படிச்சு சொல்லும், கீபோர்டுலயே ஒவ்வொண்ணா போய் மாத்தலாம், அதுக்கான ஆப்ஷன்கள் செட்டிங்ஸ்ல தனியாவே இருக்கு, மொத நாள் நீ கூட உக்காந்து அத ஆன் பண்ணி விடு. வேற சின்த்னா, எல்லா பாராமீட்டரையும் டிஏடபிள்யூ வெறும் லிஸ்ட்டா காட்டற வசதி இருக்கும், படம் இல்லாம அது வழியாவும் போகலாம், ஆனா பிரீசெட் மாத்த கஷ்டம். அவளுக்கு எங்க தடுக்குதுன்னு குறிச்சு வச்சு செஞ்சவங்களுக்கே எழுதுங்க.

கேள்வி: அப்டேட்டுக்கு அப்புறம் ஒரே டப் டப்னு சவுண்டு உடையுது.

குவாலிட்டி மோடு ஏறியிருக்கான்னு பாருங்க. உதாரணத்துக்கு டிவாங்கிற சின்த்ல டிராஃப்ட்ல இருந்து டிவைன் வரைக்கும் இருக்கு, டிவைன்ல வாசிச்சா ப்ராசசர் திணறும். வாசிக்கும்போது கம்மியா வச்சு, பாட்ட ஆடியோ ஃபைலா ரெண்டர் பண்ணும்போது மட்டும் ஏத்துங்க. டிஏடபிள்யூவோட ஆடியோ செட்டிங்ஸ்ல பஃபர் (சவுண்ட தயார் பண்ண ப்ராசசருக்கு குடுக்கற அவகாசம்) 64ல இருந்தா 256 ஆக்குங்க.

கேள்வி: சீரம் 2 போட்டா பழைய சீரம் போயிடுமா?

போகாது. 2025ல வந்தப்போ பழைய ஆளுங்களுக்கு காசில்லாமலே குடுத்தாங்க, ரெண்டும் தனித்தனி பிளகினா இருக்கும். பழைய ப்ராஜெக்ட் பழசுலயே திறக்கும், பழைய பிரீசெட்ட புதுசுலயும் லோடு பண்ணலாம். எல்லா கம்பெனியும் இப்படி பண்ணா மொத கேள்வி கேட்ட தம்பிக்கு அவ்ளோ பெரிய பதில் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

லைசன்ஸ் ஆக்டிவேஷன் பத்தி மூணு பேர் கேட்டிருக்கீங்க, எந்த சின்த், எந்த ஓஎஸ்னு சேத்து எழுதுங்க, அடுத்த வாரம் அத எடுத்துக்கறேன்.