கும்மியை மேடையில் ஏற்றியது யார்?

கேள்வி: டர்பன் கல்யாணங்களில் சாப்பாட்டுக்கு முன்பே பாட்டி முதல் பேத்தி வரை வரிசை கட்டி ‘ஜெருசலேமா’ ஆடுகிறார்கள். சில நடனங்கள் மட்டும் எப்படி இப்படிப் பற்றிக்கொள்கின்றன? மேடையில் அவ்வளவு அழகாக இருக்கும் நம் கும்மி ஏன் பரவவில்லை?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: மேடை என்றீர்களே அம்மா, அங்கேதான் கோளாறு. கும்மியை யார் மேடையில் ஏற்றச் சொன்னது?

கும்மி தரையில் ஆடுவது. நடுவில் விளக்கை வைத்துச் சுற்றி நின்று, குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, ஓர் அடி நகர வேண்டியதுதான். இரண்டு சுற்று பார்த்தவர் மூன்றாவது சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். ஜெருசலேமாவின் சூட்சுமமும் இதுதான். அதே சில அடிகள் திரும்பத் திரும்ப வருகின்றன, ஜோடி தேட வேண்டாம். ஒவ்வொரு முறையும் வட்டத்தில் கால்பங்கு திரும்புகிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நடுவில் நிற்பவருக்கு முன்னால் ஓர் ஆள் இருப்பார், அவரைப் பார்த்தே ஆடிவிடலாம். 1996இல் உலகத்தைச் சுற்றி வந்த மக்கரேனா நடனம் இன்னும் சுலபம், பாதி வேலை கைகளுக்குத்தான்.

ஜெருசலேமா பாட்டு நம் தென்னாப்பிரிக்காவுடையது. இசையமைத்த மாஸ்டர் கேஜி லிம்போபோ மாகாணத்துக்காரர், பாடிய நொம்செபோ நம் க்வாசூலு-நேட்டால் பெண். ஆனால் ஆட்டத்தைப் பற்ற வைத்தது 2020 தொடக்கத்தில் அங்கோலாவின் ஒரு நடனக் குழு. கையில் சாப்பாட்டுத் தட்டு, வாயில் சோறு, அப்படியே ஆடினார்கள். அந்தத் தட்டுதான் உலகத்தை இழுத்தது என்பேன். தட்டோடு ஆட முடிகிற ஆட்டம் நமக்கும் வரும் என்று யாருக்கும் தைரியம் வந்துவிடும். பிறகு செவிலியர் ஆடினார்கள், கன்னியாஸ்திரீகள் ஆடினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 24, பாரம்பரிய தினத்தில் எல்லோரும் ஆடுங்கள் என்று ஜனாதிபதி ராமபோசாவே கேட்டுக்கொண்டார்.

‘சிக்ஸ் ஃபுட்’ என்று நேட்டாலில் சொல்கிறோமே, நம் தெருக்கூத்து, அது இப்படிப் பரவாது. பரவவும் வேண்டாம். அது வருஷக்கணக்கில் கற்றவர் ஆட, ஊர் உட்கார்ந்து பார்ப்பது. கும்மியையும் அந்தக் கணக்கில் சேர்த்ததுதான் என் கோபம்.

எங்கள் பக்கத்துக் கோயில் குழுவோடு இதற்காகப் பல பொங்கலாக மல்லுக்கட்டுகிறேன். கும்மியைப் போட்டி ஆக்கிவிட்டார்கள். ஒரே நிறப் புடவை, முதுகில் எண், எதிரே நடுவர் மேசை. கீழே நாற்காலி நாற்காலியாகப் பெண்கள். போன தடவை முன்வரிசையில் ஓர் அம்மா, மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு விரலால் தாளம் தட்டிக்கொண்டே இருந்தார். பாட்டு முழுக்க அவர் வாயில் ஓடியது. எழுந்து ஆட அவருக்கு அங்கே இடம் எங்கே? கும்மி முடிந்ததும் தலைவர் மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் பேசினார்.

கல்யாணங்களிலும் இந்த மைக் வியாதி முற்றிவிட்டது. மாப்பிள்ளையின் மாமா பேசி, பெண்ணின் பெரியப்பா பேசி, பிரியாணி ஆறிப்போகிறது. பேச்சு ஓய்ந்து ஜெருசலேமா ஒலித்ததும் ஜனம் துள்ளி எழுவதில் என்ன அதிசயம்?

சரி, வருகிற பொங்கலுக்கு நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளச் சொல்லுங்கள். பாடத் தெரிந்த இரண்டு பேரை நடுவில் நிறுத்துங்கள். எண்ணும் வேண்டாம், நடுவரும் வேண்டாம். குழுத் தலைவர் முறைத்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுங்கள்.