எல்லாத் தாளும் என் மேசைக்குத்தான் வருகிறது

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு மத்திய அரசாங்க இலாகாவின் கிளையில் பிரிவுத் தலைவி. வயது 43. கிரேடு 12, அதாவது பழைய 48. எனக்குக் கீழே 19 பேர். காலை ஏழரைக்கு உட்கார்ந்தால், பாலம் தாண்டி வீட்டுக்கு வர இரவு எட்டாகிவிடும். எல்லாத் தாளும் என் மேசைக்குத்தான் வருகிறது. போன மாதம் எங்கள் இயக்குநர் கூப்பிட்டு, "அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டியவர் நீங்கள். தலைமைத்துவப் பயிற்சிக்கோ பகுதி நேர முதுகலைக்கோ விண்ணப்பம் போடுங்கள்" என்றார். கணவர், "இந்த வயசில் படித்து என்ன ஆகப்போகிறது?" என்கிறார். மகனுக்கு அடுத்த வருடம் எஸ்பிஎம், பள்ளி இறுதித் தேர்வு. இருக்கிற வேலையையே முடிக்க முடியாதவளுக்குப் படிப்பு எதற்கு என்று எனக்கும் தோன்றுகிறது. வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் பேசுவதை நினைத்தாலே கூச்சம் வேறு. போகலாமா, வேண்டாமா?
பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, போங்கள். ஆனால் உங்கள் இயக்குநர் சொன்ன காரணத்துக்காகப் போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டேன். 'எல்லாத் தாளும் என் மேசைக்குத்தான் வருகிறது.' நீங்கள் அதைப் புலம்பலாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் கேட்டது. கோபிக்காதீர்கள், அந்தப் பெருமை எனக்கும் பல வருடம் இருந்தது.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதுபவர். பால் நிறுக்கும் கொட்டகையில் தராசுக்குப் பக்கத்திலேயே நிற்பார். ஒவ்வொரு வாளியையும் அவரே எட்டிப் பார்த்து, அவரே எடை எழுதினால்தான் அவருக்குத் திருப்தி. காய்ச்சல் வந்தாலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். "நான் பார்க்காத கணக்கு கணக்கா?" என்பார். அவர் மகள் நான் அரசாங்க வேலைக்கு வந்து அதையேதான் செய்தேன், வாளிக்குப் பதிலாகக் கோப்பு. கீழே இருக்கும் பெண் கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டு வருவாள். நான் சிவப்புப் பேனாவை எடுத்து வரிக்கு வரி திருத்துவேன். அவள் மறுபடி தட்டச்சு செய்து வருவாள், நான் மறுபடி திருத்துவேன். 'அந்த அம்மா கையில் கொடுத்தால் தப்பே இருக்காது' என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரால்தான் பதவி உயர்ந்தது. பதவி உயர உயரத் தாளும் உயர்ந்தது. ஒரு கட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளின் முகமே தெரியவில்லை.

எனக்கு 46 வயதில் ஒரு வாரப் பயிற்சி. முதல் மூன்று நாள் திரையில் படம் காட்டிப் படம் காட்டியே ஓடியது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பாதிப் பேர் தூக்கம். (இப்படிப்பட்ட பயிற்சிகள் இன்றைக்கும் நிறைய இருக்கின்றன. சான்றிதழோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வசதி, வேறொன்றும் இல்லை.) நான்காம் நாள்தான் விஷயமே. ஆறு ஆறு பேராக வட்டமாக உட்கார வைத்தார்கள். எங்கள் வட்டத்தில் மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து ஒருவர், தீயணைப்பு அதிகாரி ஒருவர், நில அலுவலகத்துப் பெண் ஒருவர், இன்னும் இரண்டு பேர். ஒருவர் தன் வேலையில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பிரச்சினையைச் சொல்ல வேண்டும். மற்ற ஐந்து பேரும் கேள்வி மட்டும் கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது. நம் ஆட்களுக்கு இதைவிடக் கஷ்டமான விதி எது?

நான் ஆள் பற்றாக்குறையைச் சொன்னேன். தாள் குவிவதைச் சொன்னேன். கூட்டக் குறிப்பைத் திருத்தவே இரண்டு சாயங்காலம் போய்விடுகிறது என்றும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தீயணைப்பு அதிகாரி மட்டும் மலாயில், மெதுவாக, "அதை நீங்கள் திருத்தாமல் விட்டால் எது எரியும் புவான்?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னிடம் பதில் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "இனி கூட்டக் குறிப்பு உன் பெயரில் போகும், நான் பார்க்க மாட்டேன்" என்றேன். அந்த மாதமே அடுத்த கூட்டத்தின் தேதி தப்பாகப் போய்விட்டது. இரண்டு இடத்திலிருந்து போன் வந்தது. அவளே பேசி, மன்னிப்புக் கேட்டு, திருத்தம் அனுப்பினாள். அடுத்த மாதத்திலிருந்து அனுப்புவதற்கு முன் அவளே இரண்டு தரம் சரிபார்க்க ஆரம்பித்தாள். யோசித்துப் பாருங்கள். எட்டு வருடமாக நான் திருத்திக்கொண்டே இருந்தேன், அதனால் அவளுக்குச் சரிபார்க்கும் அவசியமே வரவில்லை.

அந்த வட்டத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அதற்குச் செயல்வழிக் கற்றல் என்று பெயர். ரெஜ் ரெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்தது. கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இயற்பியல் படித்தவர். பெரிய பெரிய விஞ்ஞானிகள் ஒன்றாக உட்கார்ந்து தங்களுக்குத் தெரியாததைப் பேசுவதை அங்கே பார்த்திருக்கிறார். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் பயிற்சிப் பொறுப்புக்கு வந்தபோது, சுரங்க மேலாளர்களுக்கு வெளியிலிருந்து நிபுணரைக் கூட்டி வந்து பாடம் நடத்தாமல், அவர்களையே ஒருவர் பிரச்சினையை ஒருவர் கேட்க வைத்தார். நிலக்கரிச் சுரங்கமும் நம் அரசாங்க அலுவலகமும் ஒன்றா என்று கேட்பீர்கள். இரண்டிலும் மேலே இருப்பவர் தனக்குத் தெரியாது என்று வாய் திறந்து சொல்லக் கூச்சப்படுகிறார், அதுதான் பொருத்தம்.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. ஹார்வர்டின் கென்னடி பள்ளியில் அரசாங்க அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்த ரொனால்ட் ஹைஃபெட்ஸ் அடிப்படையில் மருத்துவம் படித்தவர். பிரச்சினைகளை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒரு வகை, தெரிந்தவர் வந்து சரிசெய்துவிடக்கூடியது. இன்னொரு வகை, பிரச்சினையில் இருப்பவர்களே பழக்கத்தை மாற்றினால் ஒழியத் தீராதது. நம் வீட்டுச் சர்க்கரை வியாதியை வைத்துப் பாருங்கள். மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்துவிடுவார். ராத்திரி பத்து மணிக்கு நாசி கண்டார் சோற்றுக் கடையில் 'குவா பஞ்சிர்', அதாவது குழம்பை வெள்ளமாக ஊற்றுங்கள், என்று கேட்பதை டாக்டரால் நிறுத்த முடியாது. உங்கள் பிரிவில் கணினி மெதுவாக ஓடுகிறது என்றால் அது மாத்திரை வகை. 19 பேரும் எதற்கெடுத்தாலும் உங்கள் கையெழுத்துக்கு வந்து நிற்கிறார்கள் என்றால் அது நாசி கண்டார் வகை. முதல் வகையில் கெட்டிக்காரியாக இருந்ததால் இதுவரை உயர்ந்தீர்கள். இனிமேல் வருவதெல்லாம் இரண்டாவது வகை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் நிர்வாகக் கல்வி கொடுப்பது இந்தப் பழக்க மாற்றத்துக்கான பயிற்சி. அதில் வரும் புதுத் தகவலை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். ஆபீசைவிட்டு விலகி, உங்களுக்குப் பயப்படாத ஆட்களோடு உட்கார்ந்தால்தான் அது வரும். உங்கள் கீழே இருப்பவர் எவரும் 'எது எரியும்?' என்று உங்களைக் கேட்கப்போவதில்லை.

சரி, எங்கே போவது? என் யோசனை: இப்போதைக்கு முதுகலை வேண்டாம். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருபவர் அதற்கு மேல் இரண்டு வருடப் படிப்பை ஏற்றினால், மேசைமேல் இன்னொரு கட்டுத் தாள் ஏறும், அவ்வளவுதான். முதலில் குறுகிய காலப் பயிற்சி. அரசாங்க ஊழியர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி என்ற கொள்கை 2005-லேயே வந்துவிட்டது. நம்மில் பலர் அந்த ஏழு நாளை டிசம்பரில் அவசர அவசரமாகப் பொறுக்கி நிரப்புகிறோம், கிடைத்த குர்சுஸில், அதாவது பயிற்சி வகுப்பில், போய் உட்காருகிறோம். அதை ஜனவரியிலேயே திட்டமிடுங்கள். 1972-இல் தொடங்கிய தேசியப் பொது நிர்வாகக் கழகம், நாம் இந்தான் என்று சொல்வது, கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் தலைமை வளாகம் வைத்திருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதன் வட வட்டார வளாகம் சுங்கை பட்டாணியில் இருக்கிறது. பாலத்து நெரிசலில் தினம் நிற்கும் உங்களுக்கு அது பெரிய தூரமே இல்லை. இணையவழிப் பாடங்களும் உண்டு. பயிற்சிக் கணக்கில் சேரும் புள்ளிக்கு அவை ஆகும், நான் சொல்கிற வட்டம் அங்கே கிடைக்காது. பதிவு செய்யும் முன், அந்தப் பயிற்சியில் சொந்த வேலைப் பிரச்சினையைக் கொண்டுவந்து பேச இடம் இருக்கிறதா, வேறு இலாகாக்காரர்கள் வருகிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் வேறு பாருங்கள்.

மேசை கொஞ்சம் லேசான பிறகு முதுகலையை யோசிக்கலாம். மகனுக்கும் அதற்குள் எஸ்பிஎம் முடிந்துவிடும். தீவிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. தொலைதூர முறையில்தான் முடியும் என்றால் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோலாலம்பூரில், நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, அமெரிக்காவின் எம்ஐடி ஸ்லோன் வணிகப் பள்ளியோடு சேர்ந்து 2015-இல் தொடங்கிய ஏசியா ஸ்கூல் ஆஃப் பிசினஸில் வேலை பார்ப்பவர்களுக்கான எம்பிஏவும் இருக்கிறது. ஆனால் எம்பிஏ என்றதும் மயங்கிவிடாதீர்கள். தனியார் கம்பெனி நஷ்டம் தரும் வாடிக்கையாளரைக் கைவிட்டுவிடலாம். உங்கள் கவுண்டருக்கு வரும் கிழவரை நீங்கள் கைவிட முடியாது. ஆகவே பொது நிர்வாகம் சார்ந்த படிப்பையும் எம்பிஏவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுச் சேவைத் துறையின் ஹடியா லத்திஹான் பெர்செகுத்துவான் உதவித்தொகை உங்களைப் போல் வேலையில் இருப்பவர்களுக்குத்தான். அறிவிப்பு வரும்போது வயது வரம்பையும், எந்தெந்தப் படிப்புக்கு என்பதையும், முடித்தபின் எத்தனை வருடம் கட்டாயச் சேவை என்பதையும் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சொந்தக் காசில் முதுகலை படித்தால் கட்டணத்தில் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வரிக்கழிவு கேட்கலாம்.

கணவரிடம் ஒரே ஒரு கணக்கைச் சொல்லுங்கள். உங்களுக்கு 43, ஓய்வு 60-இல். இன்னும் 17 வருடம் பாக்கி. அத்தனை வருடமும் இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரப்போகிறீர்களா என்று அவரையே கேளுங்கள்.

ஆங்கிலம் பற்றி எழுதியிருந்தீர்கள். பயிற்சியில் பாதி மலாய், பாதி ஆங்கிலம், தேநீர் நேரத்தில் எல்லாம் கலந்து ஓடும். இலக்கணம் பார்க்க அங்கே ஆள் இல்லை. எங்கள் வட்டத்து நில அலுவலகத்துப் பெண் மூன்று நாள் வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் அவர் கேட்ட கேள்வியைத்தான் மருத்துவமனைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இயக்குநரிடம் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும்போதே இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: "திரும்பி வந்ததும் மூன்று மாதம் என் பிரிவில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்க்கிறேன். இடையில் தப்பு நடந்தால் என் பக்கம் நிற்க வேண்டும்." பயிற்சிக்கு அனுப்புவதில் தாராளமாக இருக்கும் மேலதிகாரிகள் பலர், திரும்பி வந்தவர் எதையாவது மாற்ற முனைந்ததும் "பிறகு பார்க்கலாம்" என்பார்கள். படித்தது அப்படியே ஆறிப்போய்விடும். இதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் இயக்குநர் தானாகவே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், நல்லவராகத்தான் தெரிகிறார். அந்த நல்ல மனசு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பப் பாரத்தை நிரப்பும் முன் ஒரு சின்ன வேலை. வரும் திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி மேசையில் வையுங்கள். வெள்ளிக்கிழமை வரை உங்கள் கையெழுத்துக்கு வரும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கோடு, மூன்று பத்தியில். சட்டமோ நிதி விதியோ உங்கள் கையெழுத்துத்தான் வேண்டும் என்கிற தாள் முதல் பத்தி. அவற்றைத் தொடாதீர்கள், பணத்துக்கு ஒப்புதல் தரும் கையெழுத்தெல்லாம் விளையாட்டு இல்லை. உங்களுக்கு முன் இருந்தவர் காலத்திலிருந்து அப்படியே வருகிறது என்பதால் வருவது இரண்டாம் பத்தி. தப்பாகிவிடுமோ என்று நீங்களே கொண்டுவரச் சொன்னது மூன்றாம் பத்தி. மூன்றாவதில் நேர்மையாகக் கோடு போட வேண்டும், யாரும் பார்க்கப்போவதில்லை. பயிற்சிக்குப் போகும்போது அந்த நோட்டைப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். போகும் முன், பெயர்களை மறைத்துவிட்டு, மூன்றாம் பத்தி இருக்கும் பக்கத்தை மட்டும் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.